வயிற்றுப்பிள்ளையும் வீட்டுப் புகையும்

நேயர்களுக்கு வணக்கம்.

கர்ப்பிணிகள் புகைபிடிப்பதால் வரும் கேடுகளைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நம் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்தில் எந்தப் பெண் பீடி குடிக்கிறாள், சிகரெட் குடிக்கிறாள், இது நமக்கான பேச்சு இல்லை என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். 2016-17இல் நாடு முழுவதும் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியப் பெண்களில் புகைபிடிப்பவர்கள் 100க்கு 2 பேர்தான். ஆனால் புகையிலையை மெல்லுகிறவர்கள், வாயில் அடக்குகிறவர்கள், பல்லில் தேய்க்கிறவர்கள் 100க்கு ஏறக்குறைய 13 பேர். வீட்டுக்குள்ளே அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்கிறவர்கள், ஆணும் பெண்ணுமாக, 100க்கு 39 பேர். என் முன்னால் வந்து உட்காரும் கர்ப்பிணிகளில் பலர் இந்த இரண்டாவது, மூன்றாவது கணக்கில் வருகிறவர்கள். தான் புகையிலையோடு வாழ்கிறோம் என்ற நினைப்பே அவர்களுக்குக் கிடையாது.

"வீட்டில் யாராவது புகைபிடிப்பார்களா?" என்று கேட்டால் வருகிற பதில் இப்படி இருக்கும்: "அவுக குடிக்காவ டாக்டரம்மா, ஆனா திண்ணையிலதான் உக்காந்து குடிப்பாவ. நான் உள்ளதான் இருப்பேன்." திண்ணைக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு கதவு, அதுவும் பாதி நேரம் திறந்தேதான் கிடக்கும். புகைக்குத் திண்ணையும் ஒன்றுதான், உள்ளறையும் ஒன்றுதான்.

புகை உள்ளே போனால் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். புகையில் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபினை அது பிடித்துக்கொள்கிறது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்பு அதற்கு. பிடித்த இடத்தைச் சுலபத்தில் விடாது. தாயின் ரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. பிள்ளையின் ரத்தத்தில் அதன் அளவு தாயின் அளவையும் தாண்டி நிற்கும். சுவாசிக்க ஆரம்பிக்காத அந்தப் பிள்ளைக்குப் பிராணவாயு வர வேறு வழி கிடையாது, தாயின் ரத்தம் ஒன்றுதான் வழி.

இப்போது நம் பெண்களின் நிலையை இதோடு சேர்த்துப் பாருங்கள். இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தாய் சேய் அட்டையில் ஹீமோகுளோபின் 11 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 9 என்றும் எட்டரை என்றும் எழுதுகிறோம். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம், முருங்கைக்கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு என்று சொல்லி அனுப்புகிறோம். அந்த 9 கிராமிலும் ஒரு பங்கை வீட்டுப் புகை தினமும் எடுத்துக்கொண்டால், மாத்திரை என்னதான் செய்யும்? குறைவாக இருக்கிற வீட்டில்தான் இழப்பு அதிகமாக வலிக்கிறது.

அடுத்தது நிக்கோடின். இது ரத்தக்குழாய்களைச் சுருக்கும். கருப்பைக்குப் போகிற குழாய்கள் சுருங்கினால் நச்சுக்கொடிக்கு வருகிற ரத்தம் குறையும், பிள்ளைக்குப் போகிற சத்தும் குறையும். நிக்கோடின் பனிக்குட நீரிலும் கலக்கிறது. அந்த நீரைத்தான் பிள்ளை விழுங்குகிறது. புகையாக வந்தாலும் சரி, வாயில் அடக்கிய புகையிலையிலிருந்து எச்சிலில் ஊறி வந்தாலும் சரி, நிக்கோடின் செய்கிற வேலை ஒன்றுதான்.

இதெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்தது கிடையாது. 1957லேயே கலிஃபோர்னியாவில் சிம்ப்சன் என்ற ஆய்வாளர், புகைபிடிக்கும் தாய்மாருக்கு எடை குறைந்த பிள்ளைகள் அதிகம் பிறப்பதைக் கணக்கெடுத்து எழுதினார். அதன்பிறகு பல நாடுகளில் பார்த்துவிட்டார்கள். தாய் புகைபிடித்தால் பிள்ளையின் எடை சராசரியாக 200 கிராம் அளவுக்குக் குறைகிறது. 200 கிராம்தானே என்று தோன்றும். மேலைநாட்டில் மூன்றேகால், மூன்றரைக் கிலோவில் பிறக்கிற பிள்ளைக்கு அது தாங்கும். நம் ஊரில் நிறைமாதப் பிள்ளையே 2.7, 2.8 கிலோவில்தான் பெரும்பாலும் பிறக்கிறது. அதில் கொஞ்சம் கழிந்தாலும் 2.5 கிலோ என்ற கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அந்தக் கோட்டுக்குக் கீழே பிறந்த பிள்ளை சீக்கிரம் குளிர்ந்து போகும், பால் குடிக்கையிலேயே களைத்துப்போகும், கிருமி தொற்றினால் எதிர்த்து நிற்கத் தெம்பிருக்காது. வளர்ந்த பிறகும் சர்க்கரை நோய், இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருக்கும்.

"பிள்ளை சின்னதா இருந்தா சுகப்பிரசவம் ஆயிரும்லா" என்று சொல்லும் பெரியவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், அப்படிச் சொல்லாதீர்கள். சின்னப் பிள்ளை பிரசவ வலியின் அழுத்தத்தையே தாங்க முடியாமல் திணறுவதை நாங்கள் பிரசவ அறையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தாய்க்கும் ஆபத்து குறைவில்லை. புகைபிடிக்கிற பெண்களுக்குக் கரு குழாயிலேயே தங்கிவிடுவது, கருச்சிதைவு, நச்சுக்கொடி கீழிறங்கி வழியை அடைத்து நிற்பது, பனிக்குடம் முன்கூட்டியே உடைவது, குறைமாதப் பிரசவம், பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோவது எல்லாம் அதிகம். இவற்றில் நான் மிகவும் பயப்படுவது, பிரசவத்துக்கு முன்பே நச்சுக்கொடி பிரிந்துவிடுவது. வயிறு பலகை மாதிரி இறுகிப்போகும், வலி விடாது. ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கி நிற்பதும் உண்டு. அதனால் வெளியே தெரிகிற ரத்தத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. அப்படி ஒரு பெண்ணைக் கொண்டுவந்தால் எங்களுக்குக் கிடைப்பது நிமிடக் கணக்குதான். கர்ப்பிணிக்கு வயிறு இறுகி, வலி நிற்காமல் இருந்தால், ரத்தம் படவில்லையே என்று காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

புகையிலை போடுகிற பழக்கத்துக்கு வருகிறேன். மசக்கையில் வாய் நமநமக்கிறது என்று வெற்றிலை போட ஆரம்பிப்பார்கள். வெறும் வெற்றிலை பாக்கில் தொடங்கி, வீட்டுப் பெரியவர் ஒருத்தர் மடித்துக் கொடுக்கும் ஒரு கிள்ளு புகையிலையில் போய் நிற்கும். இதில் புகையே இல்லையே என்று நினைக்கிறார்கள். மும்பையில் 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, பிரகாஷ் குப்தாவும் அவருடன் பணியாற்றியவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், புகையிலை போட்ட தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்திருந்தன. பிரசவமும் சுமார் 6 நாள் முந்தியிருந்தது. பிள்ளை இறந்தே பிறப்பதும் அவர்களிடம் அதிகமாக இருந்ததைப் பிறகு 2006இல் வெளியிட்டார்கள். நம் நாட்டுப் பெண்களிடம், நம் நாட்டுப் புகையிலையை வைத்துப் பார்த்த கணக்கு இது.

பீடி சுற்றும் அம்மாக்களிடமும் ஒன்று பேச வேண்டும். தட்டை மடியில் வைத்து, இலையை வெட்டி, தூளை அள்ளிப்போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, எட்டு மாத வயிற்றோடும் பொழுதெல்லாம் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த வருமானத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு நடக்கிறது. வேலையை விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தூள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் சேரும் என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த மாதங்களில் தூளைத் தொடாமல், இலை வெட்டுவது, கட்டுப் போடுவது போன்ற வேலையை எடுத்துக்கொண்டு, சுற்றும் வேலையை வீட்டில் வேறொருவரிடம் கொடுக்கப் பாருங்கள். காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள், மூக்கில் துணி கட்டுங்கள், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தூள் மூட்டை படுக்கிற அறையில் இருக்கவே வேண்டாம்.

"அஞ்சு மாசம் ஆயிட்டே, இனி விட்டு என்ன பிரயோசனம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நிறையப் பிரயோசனம் இருக்கிறது. 15 வாரத்துக்குள் விட்டவர்களுக்கு, குறைப்பிரசவமும் எடைக்குறைவும் வரும் ஆபத்து, புகைபிடிக்காத பெண்களுக்கு இருக்கும் அளவுக்கே இறங்கிவிடுகிறது. பிந்தி விட்டாலும் பலன் உண்டு; பிள்ளை எடை போடுவதே பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான். கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளிலேயே ரத்தத்தை விட்டுப் போய்விடும்.

இனி ஆண்களிடம் பேசுகிறேன். உங்கள் மனைவி வாந்தியும் மயக்கமுமாக இந்த மாதங்களைக் கடக்கிறார். பிடித்ததைச் சாப்பிட முடியாது, நினைத்தபடி தூங்க முடியாது. அவருக்காக நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம், பீடியை, சிகரெட்டை விடுவது. தெருமுனையில் நின்று குடித்துவிட்டு வந்தாலும் சட்டையிலும் முடியிலும் மூச்சிலும் அது கூடவே வரும். பிரசவத்துக்குப் பிறகும் இது தொடரும் கவலைதான். புகை படிகிற வீட்டில் வளரும் கைக்குழந்தைக்குச் சளியும் நிமோனியாவும் அதிகம் வரும். தூக்கத்திலேயே குழந்தை திடீரென்று இறந்துபோகும் ஆபத்தும் கூடுகிறது. விடுவது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும், நிக்கோடின் அப்படிப் பிடித்து வைக்கும். அதற்காகவே அரசு 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை வைத்திருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் ஆலோசனை கேட்கலாம். நிக்கோடின் சூயிங்கம் ஆண்களுக்கு உதவும். கர்ப்பிணிகள் அதை மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். வெற்றிலை புகையிலைப் பழக்கத்தைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று மறைக்காதீர்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடமாவது சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அட்டையில் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எழுதும்போது, வீட்டில் புகைபிடிப்பவர் யார் என்பதையும் எழுத வேண்டும் என்பது என் எண்ணம். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவரை வாசலில் நிற்க வைக்காமல் உள்ளே அனுப்புங்கள். நான் பேசிக்கொள்கிறேன்.

நன்றி. வணக்கம்.