மூலப்பத்திரம் கேட்ட பேராசிரியர்

[திரையில்: ஓர் அரசு அறிக்கையின் பின்னிணைப்பு, வரிசையாகக் கேள்விகள்]

1993. மனித மரபணுத் தொகுதியைப் படித்தெடுக்கும் பெருந்திட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்க எரிசக்தித் துறைக்காகத் தயாரான ஓர் அறிக்கையின் கடைசியில் சில கேள்விகள் இருந்தன. உதாரணமாக: இந்தக் குரோமோசோமின் இந்தப் பட்டையில் உள்ள ஒவ்வொரு மரபணுவுக்கும், மற்ற உயிரினங்களில் அதை ஒத்த மரபணுக்கள் எவை? தரவு முழுவதையும் துண்டுதுண்டாகப் பிரித்து அட்டவணைகளில் ஒழுங்காக அடுக்கும்வரை இவற்றுக்குப் பதில் கிடைக்காது என்று அறிக்கை கைவிரித்துவிட்டது.

அப்படிப் பிரித்து அடுக்காமலேயே, ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று பதில் எடுத்துக் காட்டியது. அதில் முக்கியமானவர் பீட்டர் பியூன்மன். டேட்டாபேஸ், நிரலாக்க மொழி என்ற இரண்டு துறைகளிலும் கால் வைத்து நின்ற கணினி அறிவியல் பேராசிரியர்.

[திரையில்: கிளை விடும் மரம்]

சரி, அவர் எங்கிருந்து தொடங்கினார்? கணிதத்திலிருந்து. 1970-ல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அடுத்த ஆண்டே ஒரு கட்டுரை: சில பொருள்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவுகள் மட்டும் கையில் இருந்தால், அவற்றின் வம்சாவளி மரத்தை மீட்டெடுக்க முடியுமா? ஒரே நூலின் பல ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டு, எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று தேடுகிற மாதிரிக் கணக்கு இது. பரிணாம உயிரியலில் இன்றும் அவர் பெயரால் ஒரு மரம் உண்டு.

[திரையில்: மரம் நசுங்கி அட்டவணை ஆகிறது]

இப்போது டேட்டாபேஸுக்கு வருவோம். வழக்கமான டேட்டாபேஸ் ஒரு தட்டையான அட்டவணை. ஒரு கட்டத்துக்குள் ஒரு மதிப்புதான். ஆனால் ஒரு மரபணுப் பதிவை எடுத்துப் பாருங்கள். அதற்குள் பல கட்டுரைகள், ஒவ்வொரு கட்டுரைக்கும் பல ஆசிரியர்கள். பட்டியலுக்குள் பட்டியல், அதாவது மரம். நிரல் எழுதுபவர் அதை மரமாகவே கையாளுகிறார். சேமிக்கும்போது மட்டும் நான்கைந்து அட்டவணைகளாக உடைத்து, எடுக்கும்போது திரும்ப ஒட்டவேண்டும். போதாததற்கு, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் வினவல் மொழியான எஸ்க்யூஎல் தொகுப்பாக யோசிக்கும். சாதாரண நிரல் ஒவ்வொன்றாக யோசிக்கும். இந்த உரசலுக்கு மின்னியலிலிருந்து இரவல் வாங்கி 'இம்பீடன்ஸ் மிஸ்மேட்ச்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் என்னவோ கம்பீரம்தான், அனுபவிப்பவருக்குத் தலைவலி.

டேட்டாபேஸ்காரர்கள் 'மொழி எங்கள் வேலையில்லை' என்றார்கள். மொழிக்காரர்கள் 'சேமிப்பு எங்கள் வேலையில்லை' என்றார்கள். பியூன்மன் 1979-லேயே, கணிதச் சார்புகளைக் கோத்து எழுதும் செயற்கூறு பாணியில் ஒரு வினவல் மொழியை முன்வைத்திருந்தார். 1987-ல் மால்கம் அட்கின்சனோடு சேர்ந்து, இரு தரப்பையும் அலசி நீண்டதோர் ஆய்வுரை எழுதினார்.

[திரையில்: பள்ளிக் கரும்பலகை]

தீர்வின் மையம் உங்களுக்குப் பள்ளியிலேயே அறிமுகம். கணக்கட்டமைப்பு முறை நினைவிருக்கிறதா? 'பத்துக்குக் குறைந்த இரட்டை எண்களின் கணம்' என்று நிபந்தனை சொல்லிக் கணத்தை எழுதுவோமே, அதேதான். இதை வினவல் மொழியாக்கலாம் என்று ஃபில் டிரிண்டரும் ஃபிலிப் வாட்லரும் முன்பே காட்டியிருந்தார்கள். பியூன்மனும் வால் டானென், லிம்சூன் வாங் முதலியோரும் அதைக் கூட்டுக்குள் கூடு உள்ள தரவுக்கும் விரித்தார்கள். பட்டியல், கணம், பதிவு எதுவானாலும் ஒரே இலக்கணம்.

அந்த மரபணுக் கேள்விக்கு என்ன செய்தார்கள்? ஒரு பாதித் தரவு பால்டிமோரில் அட்டவணைகளாக இருந்தது. மறுபாதி ஜென்பேங்க் என்ற மரபணு வரிசை டேட்டாபேஸில் மரங்களாக. வாங் உருவாக்கிய கிளைஸ்லி என்ற அமைப்பில் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதலாம். அட்டவணை செய்யவேண்டிய வேலையை அது எஸ்க்யூஎல்லாக மாற்றி அங்கேயே அனுப்பிவிடும், மிச்சத்தைத் தானே கோத்துக்கொள்ளும். 2007-ல் சி ஷார்ப் என்ற நிரலாக்க மொழிக்கு வந்த, நிரலுக்குள்ளேயே வினவல் எழுத உதவும் 'லிங்க்' (LINQ) வசதியைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த வாசனை தெரிந்திருக்கும்.

[திரையில்: ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி]

அப்புறம் வந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. உயிரியல் டேட்டாபேஸ்கள் ஒன்றிலிருந்து ஒன்று நகலெடுக்கின்றன. ஓரிடத்தில் தப்பு நுழைந்தால் எல்லா இடத்துக்கும் பரவும். நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம் கேட்கிறோம். தரவுக்கு யார் கேட்டார்கள்? 2001-ல் சஞ்சீவ் கன்னா, வாங்-ச்யூ டான் ஆகியோரோடு அவர் இதை இரண்டு கேள்விகளாகப் பிரித்தார்: ஏன், எங்கிருந்து.

சம்பளம் 50,000-க்கு மேல் வாங்குபவர்களின் தொலைபேசி எண்ணைக் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். விடையில் வரும் எண் 'எங்கிருந்து' வந்தது? தொலைபேசிக் கட்டத்திலிருந்து. 'ஏன்' வந்தது? அதில் சம்பளக் கட்டத்துக்கும் பங்கு உண்டு. எண் தப்பு என்றால் முதல் கட்டத்தைத் திருத்தவேண்டும். அந்த ஆளே பட்டியலில் இருக்கக்கூடாது என்றால் சம்பளத்தைப் பார்க்கவேண்டும். எளிதாகத்தான் தெரிகிறது, ஆனால் அதுவரை இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன.

[திரையில்: எடின்பரோ நகரம்]

2002 வாக்கில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போனார். 2009-ல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அங்கே அவரைப் பிடித்துக்கொண்ட இன்னொரு சிக்கல் மேற்கோள், அதாவது எடுத்த தரவு யாருடையது என்று குறிப்பிடுவது. மருந்தியல் டேட்டாபேஸ் ஒன்றில் பக்கத்துக்குப் பக்கம் பங்களித்த நிபுணர்கள் வேறு. நீங்கள் எடுத்ததோ நாலைந்து பக்கங்களின் துண்டுகள். யார் பெயரைப் போடுவீர்கள்? 2016-ல் சூசன் டேவிட்சன், ஜேம்ஸ் ஃப்ரூ ஆகியோரோடு எழுதிய கட்டுரையில் அவர் சொன்னது: மேற்கோளை ஆள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க முடியாது, நீங்கள் கேட்ட கேள்வியிலிருந்தே அதையும் கணினி உருவாக்கித் தரவேண்டும்.