பயறில் வண்டு விழுந்தால் சலித்துவிட்டுப் பயன்படுத்தலாமா?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாசியில் அறுத்த பச்சைப்பயறைச் சாக்கில் கட்டி வைத்தேன். இப்போது ஒரே ஓட்டையும் வண்டுமாக இருக்கிறது. வெயிலில் போட்டு, சலித்து எடுத்தால் தரம் பழையபடி வந்துவிடுமா?"

வராதுங்க. அந்த வட்டமான ஓட்டை வண்டு உள்ளே போன வழி இல்லை, வெளியே வந்த வழி. தாய் வண்டு பயறின் தோல்மேல் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். உற்றுப் பார்த்தால் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பல நேரம் வயலில் காய் முற்றும்போதே இது தொடங்கிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு பயறைத் துளைத்து உள்ளே போய், அங்கேயே தின்று வளர்ந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். வெளியே வந்த வண்டு பயறைத் தின்பதில்லை. நீங்கள் சலித்து எடுப்பது தின்று முடித்த ஆளைத்தான்!

ஓட்டை இல்லாத பயறுக்குள்ளும் புழு இருக்கலாம். நல்ல வெயிலில் மெல்லிசாகப் பரப்பினால் அது சாகலாம், ஆனால் அதன் கழிவும் உரித்த தோலும் உள்ளேயேதான் கிடக்கும். அந்தக் கழிவில் யூரிக் அமிலம் உண்டு. கசப்பும் வாடையும் வருவது இந்த அசுத்தங்களால்தான். உணவுத் தானியத்தில் யூரிக் அமிலம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. இதில் ஒரு வேடிக்கை: புரதத்தை வழக்கமாக நைட்ரஜனை அளந்துதான் கணக்கிடுகிறார்கள். யூரிக் அமிலத்திலும் நைட்ரஜன் இருப்பதால், உளுத்த பயறில் புரதம் கூடியிருப்பது போல அறிக்கை வரலாம். அதை நம்பி ஏமாறாதீர்கள்.

பூச்சிகள் மூச்சுவிடும்போது மூட்டைக்குள் சூடும் ஈரமும் ஏறும், அப்புறம் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண வாடை வந்துவிட்டால் மாட்டுக்கும் போடாதீர்கள்.

உங்கள் பயறைத் தண்ணீரில் கொட்டிப் பாருங்கள். மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்கியதில் ஓட்டை குறைவாக இருந்தால் உடனே சமைத்துத் தீர்த்துவிடலாம். அடுத்த முறை ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவையுங்கள். வீட்டுத் தேவைக்கு என்றால் பருப்பாக உடைத்தே வையுங்கள். இந்த வண்டு முழுப்பயறில்தான் விரும்பி முட்டையிடும்.

விதைக்கு வைத்திருந்தால், ஊறவைக்காத பயறிலிருந்து பொறுக்காமல் 100 எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். சான்று விதைக்குக் குறைந்தது 75 முளைக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் புது விதை வாங்கிவிடுங்கள்.