படியில் கால் வைத்தபோது பஸ் நின்றிருந்ததா?

நேயர்களுக்கு வணக்கம். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞர் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் ஏறும்போது விழுந்து அடிபடுகிறவர்களைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். இரண்டு பஸ்கள் மோதிக்கொண்டால் நாளிதழில் படத்தோடு செய்தி வரும். படிக்கட்டிலிருந்து விழுந்த ஒரு அம்மாவைப் பற்றி எங்கேயும் வராது. அவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கும். பஸ் அடுத்த ஸ்டாப்பிங்கைத் தாண்டிப் போயிருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். முதல் படி உயரம். ஒரு கையில் பை, இன்னொரு கை கம்பியில். ஒரு கால் படியில் இருக்கும், இன்னொரு கால் தரையில் இருக்கும். அந்த நேரம் பார்த்து விசில் கேட்கும், டிரைவர் கிளட்சை விடுவார், பஸ் ஒரு குலுக்கலோடு கிளம்பும். வயதானவர்களும், குழந்தையைத் தூக்கி வருகிறவர்களும், சேலை கட்டியவர்களும்தான் அதிகம் விழுகிறார்கள். முன்படிக்கட்டில் விழுந்தால் ஆபத்து இன்னும் பெரிது. பின்சக்கரம் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

எல்லோரும் ஏறியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு விசில் ஊத வேண்டியவர் கண்டக்டர். விசில் கேட்டாலும் இடப்பக்கக் கண்ணாடியில் படிக்கட்டைப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்க வேண்டியவர் டிரைவர். ஒருவர் கவனிக்காவிட்டாலும் இன்னொருவர் கவனித்தால் விபத்து நடக்காது. நடந்துவிட்டது என்றால் பெரும்பாலும் இரண்டு பேரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். கூட்டத்துக்குள் நின்று டிக்கெட் கொடுத்துக்கொண்டே, வெளியே பார்க்காமல் விசில் ஊதுவதை நீங்கள் எத்தனையோ முறை கண்டிருப்பீர்கள்.

விழுந்தவர் முதலில் என்ன செய்கிறார்? எழுந்து, துணியைச் சரி செய்துகொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறார். வலியை விடக் கூச்சம் பெரிதாக இருக்கிறது. சுற்றி நிற்பவர்களும், "பாத்து ஏறக் கூடாதாம்மா?" என்று அவரையே கேட்கிறார்கள். வீட்டுக்குப் போய் இரவில் கால் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அங்கே டாக்டர் கேட்டால், "கீழ விழுந்துட்டேன்" என்கிறார். அதுவே பதிவாகிவிடுகிறது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். விபத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேடு எழுதுவார்கள். நாங்கள் ஏ.ஆர். காப்பி என்று சொல்வோம். எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது என்று நோயாளியோ கூட வந்தவரோ சொல்வதை டாக்டர் அதில் குறித்துக்கொள்கிறார். அதில் 'தானாகக் கீழே விழுந்தது' என்று இருந்துவிட்டால், பிறகு யார் சாட்சி சொன்னாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் காகிதத்தைத்தான் தூக்கிக் காட்டுவார். நியாயமான வழக்குகள் இந்த ஒரு வரியால் தோற்றுப் போவதைப் பார்த்து எனக்கு மனம் ஆறியதே இல்லை. நின்றிருந்த பஸ்ஸில் ஏறினேன், கால் வைத்தபோது பஸ்ஸை எடுத்துவிட்டார்கள், விழுந்தேன் என்று சொல்லுங்கள். பேச முடியாத நிலையில் இருந்தால் கூட வந்தவர் சொல்லட்டும்.

செலவுக்குப் பயந்து வீட்டிலேயே கிடக்கவும் வேண்டாம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரிகளோடு, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் அது பொருந்தும்.

அடுத்தது காவல் நிலையம். கவனக்குறைவாக வண்டி ஓட்டுவது, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவில் குற்றம். அதனால் ஒருவருக்குக் காயம் பட்டால் 125-ஆம் பிரிவும் சேரும். 2024 ஜூலை 1-க்கு முன்பு இவற்றையே இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 337, 338 என்று எழுதினார்கள். எந்தக் காவல் நிலைய எல்லை என்ற குழப்பத்தில் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. எங்கே கொடுத்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு டிரைவருக்கும் ஒரு கடமை வைத்திருக்கிறது: அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், காவல் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். பஸ்ஸை நிறுத்தாமலே போய்விட்டால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

புகாரில் எழுத வேண்டியவற்றில் மிக முக்கியமானது, படியில் கால் வைத்தபோது பஸ் நின்றிருந்தது என்பது. ஏனென்றால் இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் போக்குவரத்துக் கழகங்கள் தாக்கல் செய்யும் பதிலுரைகளில் நான் அடிக்கடி படிக்கும் வாசகம், 'மனுதாரர் ஓடும் பஸ்ஸில் ஏற முயன்று, தன் அஜாக்கிரதையால் விழுந்தார்' என்பதுதான். வழக்கு முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கும். நின்றிருந்தது என்றால் அப்படியே எழுதுங்கள். நகர ஆரம்பித்த பிறகு ஏறியிருந்தால் அதையும் உள்ளபடியே சொல்லுங்கள். உங்கள் பங்கு எவ்வளவு என்று பார்த்து இழப்பீட்டில் கொஞ்சம் கழிப்பார்கள். அதற்காக முழு வழக்கும் போய்விடாது.

இன்னொரு சிக்கல் டிக்கெட். உள்ளே போவதற்கு முன்பே விழுந்தவரிடம் டிக்கெட் எப்படி இருக்கும்? கட்டணமில்லாமல் பயணம் செய்யும் பெண்களுக்குக்கூட ஏறிய பிறகுதான் அந்தச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். அதனால் பஸ்ஸின் பதிவு எண், தட எண், நேரம், ஸ்டாப்பிங் பெயர், பஸ் எந்தப் பக்கம் போனது என்பதெல்லாம் வேண்டும். விழுந்தவரால் இதையெல்லாம் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்கிற நாம்தான் பார்க்க வேண்டும். நம்பர் பிளேட்டை ஒரு படம் எடுத்து வையுங்கள். உங்கள் கையில் உள்ள டிக்கெட்டை அவரிடம் கொடுத்து, உங்கள் போன் எண்ணையும் சொல்லுங்கள். உதவி செய்தவரைச் சாட்சியாக வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019 திருத்தத்தில் வந்த 134-ஏ பிரிவின் கீழ் வகுத்த விதிகள் சொல்கின்றன. பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் நீங்களாக வந்து நாலு வார்த்தை சொன்னால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய உதவி. சென்னையில் நிறைய பஸ்களில், பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் கேமரா பொருத்தியிருக்கிறார்கள், எதிரே உள்ள கடையிலும் கேமரா இருக்கலாம். பழைய பதிவுகள் அழிந்துவிடும் என்பதால் அவற்றைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி, காவல் நிலையத்துக்கும் டெப்போவுக்கும் எழுதும் முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

டெப்போவுக்கும் ஒரு புகார் போகட்டும். கிளை மேலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முதல்வரின் உதவி மையமான 1100-லும் சொல்லலாம், ஆனால் எழுத்தில் உள்ள புகாருக்கு ஈடாகாது. சிலர் ஆத்திரத்தில் டிரைவரின் குடும்பத்தையெல்லாம் இழுத்துத் திட்டி எழுதிவிடுகிறார்கள். அந்தக் கடிதத்தை அதிகாரி படித்து ஓரமாக வைத்துவிடுவார். நடந்ததை மட்டும் எழுதினால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இழப்பீடு கேட்க நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். பஸ் விபத்தில் இறந்த ஒரு பயணியின் வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. இத்தகைய விபத்துகளுக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்தான் இடம். விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் மனுப் போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற வரம்பு வந்திருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பி நீங்கள் காத்திருக்க வேண்டாம். குற்ற வழக்கில் டிரைவர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு நிற்கும், ஏனென்றால் இங்கே அவ்வளவு கறாரான நிரூபணம் தேவையில்லை.

பலரைப் புகார் கொடுக்கவிடாமல் தடுப்பது இரக்கம். "பாவம், பிள்ளைகுட்டிக்காரர், அவர் வேலை போயிடும்" என்பார்கள். இந்த நல்ல மனசை நான் மதிக்கிறேன். அந்த டிரைவருக்கும் நெருக்கடி உண்டு. போக்குவரத்து நெரிசலில் டிரிப் நேரத்தைப் பிடிக்கச் சொல்கிறார்கள், பல நாள் ஓய்வில்லாமல் ஓட்டுகிறார். ஆனால் இழப்பீட்டுப் பணம் வழக்கமாகப் போக்குவரத்துக் கழகத்திலிருந்துதான் வருகிறது. கழகம் கட்டாவிட்டால் கோர்ட் அமீனா வந்து பஸ்ஸையே ஜப்தி செய்வதைப் பஸ் நிலையங்களில் பார்த்திருப்பீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் யாராவது, "கேஸ் வேண்டாம், செலவைப் பாத்துக்கறோம்" என்று சொல்லி வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் மட்டும் போட்டுவிடாதீர்கள். முறிந்த இடுப்பெலும்புக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பது அன்றைக்குத் தெரியாது.

கழகத்துக்கு எழுதும்போது இன்னும் இரண்டு வரி சேருங்கள். கதவு மூடாமல் பஸ்ஸை நகர்த்த முடியாதபடி செய்யுங்கள் என்று கேளுங்கள். 2024-இல் சென்னையில் ஓட ஆரம்பித்த தாழ்தளப் பஸ்களில் பாட்டிமார்கள் சிரமமில்லாமல் ஏறுவதை நான் பார்க்கிறேன். உங்கள் ஊர் தடத்துக்கும் அந்தப் பஸ் வேண்டும் என்று தட எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.