காட்புஸ் ஊர்ப்பலகையில் இருக்கும் இரண்டாவது பெயர்: சோர்பியர் வாழ்பகுதி பற்றி ஒரு நேயர் கேள்வி

அடுத்த கேள்விக்குப் போவோம். ஒரு நேயர் எழுதியிருக்காங்க: "என் கணவருக்கு ஜெர்மனியில காட்புஸ் பல்கலைக்கழகத்துல இடம் கிடைச்சிருக்கு. நாலு வயசுப் பொண்ணோட குடும்பமா போறோம். அந்த ஊர்ப் படங்களைப் பார்த்தா, பலகையில ஜெர்மன் பெயருக்குக் கீழ வேற ஒரு மொழியிலயும் பெயர் இருக்கு. தேடிப் பார்த்தா 'சோர்பியர் வாழ்பகுதி'ன்னு வருது. அங்க எல்லாரும் அந்த மொழிதான் பேசுவாங்களா? நாங்க படிக்கிற ஜெர்மன் அங்க போதுமா? பொண்ணைச் சேர்க்கிற மழலையர் பள்ளியில எந்த மொழி இருக்கும்?"

முதல்ல பயத்தைப் போக்கிடுறேன். ஜெர்மன் தாராளமா போதும். காட்புஸ்ல கடை, ஆஸ்பத்திரி, பேங்க், வெளிநாட்டவர் அலுவலகம் எல்லாமே ஜெர்மன்லதான் நடக்குது. சோர்பிய மொழி தெரியணும்னு உங்களை யாரும் எங்கயும் கேட்க மாட்டாங்க. பின்னாடி குடியுரிமைக்கு விண்ணப்பிச்சாலும் அவங்க பார்க்கிறது ஜெர்மன் பி1 (நடுத்தர நிலை) சான்றிதழைத்தான். நகரத்துக்குள்ள நடந்து போகும்போது சோர்பிய மொழியைக் கண்ணால நிறைய பார்ப்பீங்க, காதால அபூர்வமாத்தான் கேட்பீங்க. அது ஏன் அப்படிங்கறதுதான் நான் கொஞ்சம் விரிவா சொல்ல நினைக்கிற விஷயம்.

சோர்பியர்னு சொல்றது ஒரு ஸ்லாவிய மக்களை. போலந்துக்காரங்க, செக் மக்களுக்கு மொழியால உறவு. ஜெர்மனியோட கிழக்கு ஓரத்துல லவுசிட்ஸ்னு சொல்ற வட்டாரத்துல ஆயிரம் வருஷத்துக்கும் மேல வாழறாங்க. பால்கன்ல இருக்கிற செர்பியர்களோட இவங்களைக் குழப்பிக்காதீங்க. காட்புஸ் பக்கத்துல இவங்களை வெண்டர்னும் சொல்வாங்க, அரசு ஆவணங்கள்லயே ரெண்டு பெயரும் சேர்ந்துதான் வரும். வட்டாரம் ரெண்டு மாநிலமா பிரிஞ்சிருக்கு. தெற்குல சாக்ஸனி, அங்க மையம் பவுட்ஸன் நகரம், பேச்சு மேல் சோர்பியம். வடக்குல பிராண்டன்பர்க், மையம் காட்புஸ், பேச்சு கீழ்ச் சோர்பியம். ரெண்டுக்கும் தனித்தனி எழுத்துமுறை, தனித்தனி பாடப்புத்தகம். மேல் சோர்பியம் செக் பக்கம் சாயும், கீழ்ச் சோர்பியம் போலிஷ் பக்கம் சாயும். காட்புஸ்ல இருந்துக்கிட்டு ஆர்வத்துல பவுட்ஸன் புத்தகத்தை வாங்கிப் படிச்சா, பொண்ணோட பள்ளியில அது சரிவராது. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

எத்தனை பேர் இருக்காங்கன்னு பார்த்தா, வழக்கமா 60,000னு ஒரு கணக்கு சொல்வாங்க. சாக்ஸனியில 40,000, பிராண்டன்பர்க்ல 20,000. இது மதிப்பீடுதான், தலைக்கணக்கு கிடையாது. ஜெர்மனியில மக்கள்தொகைக் கணக்கெடுப்புல இனத்தைக் கேட்கறதில்ல. நான் சோர்பியர்னு ஒருத்தர் சொன்னா சொன்னதுதான். அதை மறுக்கவும் கூடாது, சரிபார்க்கவும் கூடாதுன்னு சாக்ஸனியோட 1999ஆம் வருஷச் சட்டத்துல எழுதியே வெச்சிருக்காங்க. நாஜி காலத்துல ஆளை ஆளா குறிச்சு வெச்சுக்கிட்டு என்ன பண்ணாங்கன்னு பார்த்த நாட்டுல, இப்படி ஒரு விதி இருக்கறது சரிதான்னு நான் நினைக்கிறேன். அந்த 60,000 பேர்லயும் மொழியைச் சரளமா பேசறவங்க ரொம்பக் குறைவு, அதுவும் கீழ்ச் சோர்பியத்துல இன்னும் குறைவு. யுனெஸ்கோ அதை ஆபத்துல இருக்கிற மொழிகள் வரிசையில வெச்சிருக்கு.

இப்ப 'வாழ்பகுதி' விஷயத்துக்கு வர்றேன். பெரும்பாலானவங்க தப்பாப் புரிஞ்சுக்கறது இங்கதான். வாழ்பகுதின்னா அந்த மொழி பேசப்படுற இடங்களோட வரைபடம்னு நினைச்சுக்கறாங்க. உண்மையில அது ஒரு சட்டப் பட்டியல். எந்தெந்த ஊராட்சியில, எந்தெந்த நகரத்துல சோர்பியர் சட்டம் செல்லும்னு சொல்ற பட்டியல், அவ்வளவுதான். சாக்ஸனியில சட்டத்தோட பின்னிணைப்பா ஊர் ஊரா, சில இடத்துல ஊரோட உட்பகுதிகளைக்கூடப் பிரிச்சு எழுதியிருக்காங்க. பிராண்டன்பர்க்ல 1994ல வந்த சட்டத்துல, ஒரு ஊர் பட்டியல்ல சேரணும்னா தொடர்ச்சியான மொழி மரபும் பண்பாட்டு மரபும் இருக்கணும்னு நிபந்தனை. 2014ல அதைத் திருத்தி, மொழி மரபு அல்லது பண்பாட்டு மரபு, ரெண்டுல ஒண்ணு இன்னிக்கு வரைக்கும் தொடர்ந்தா போதும்னு மாத்தினாங்க. அப்புறம் புது ஊர்கள் சேர ரெண்டு வருஷம் அவகாசம் குடுத்தாங்க. தாத்தா காலத்தோட பேச்சு நின்னுபோன ஊர்லயும், வருஷா வருஷம் பாரம்பரிய உடுப்போட குளிர்கால ஊர்வலம் நடக்குதுன்னா அந்த ஊர் உள்ள வரலாம். அதனால பலகையில ரெண்டு பெயர் இருந்தா, இங்க இந்தச் சட்டம் செல்லும்னு அர்த்தம். வீட்டுக்குள்ள என்ன பேசறாங்கங்கறது தனி விஷயம்.

அப்ப தெருவுல, கடையில, திண்ணையில சோர்பிய மொழியை எங்க கேட்கலாம்? பவுட்ஸன், காமென்ஸ், ஹோயர்ஸ்வெர்டா மூணுக்கும் நடுவுல இருக்கிற சின்ன வட்டாரத்துல. க்ரோஸ்ட்விட்ஸ், நேபல்ஷுட்ஸ், பான்ஷ்விட்ஸ்-குக்காவ், ரெக்கல்விட்ஸ், ரால்பிட்ஸ்-ரோஸன்டால்னு அஞ்சு ஊராட்சிகள். அங்க பிள்ளைங்க விளையாடும்போதே சோர்பிய மொழிதான். அங்க மட்டும் ஏன் நிலைச்சுதுன்னா, காரணம் மதம். பான்ஷ்விட்ஸ்-குக்காவ்ல 1248ல ஆரம்பிச்ச மரியன்ஷ்டெர்ன் கன்னிமாடம் இருக்கு. சுத்துவட்டாரம் பூரா லூத்தர் பக்கம், அதாவது புராட்டஸ்டண்ட் மதப் பிரிவுக்குப் போனப்போ, மடத்து நிலத்துல இருந்த கிராமங்கள் கத்தோலிக்கமாவே நின்னுடுச்சு. சுத்தியிருந்த ஜெர்மானியர் லூத்தரன், இவங்க கத்தோலிக்கர். பொண்ணு குடுக்கறது எடுக்கறது பெரும்பாலும் உள்ளுக்குள்ளயே நடந்தது, பூசையும் பாட்டும் சோர்பிய மொழியில நடந்தது. மத எல்லையே மொழிக்கும் வேலி ஆயிடுச்சு.

காட்புஸ் பக்கம் அந்த வேலி இல்ல. அங்க சோர்பியரும் லூத்தரன், ஜெர்மானியரும் லூத்தரன். கல்யாணம் கலந்தது, வீட்டு மொழி ஜெர்மன் ஆச்சு. சோர்பிய அமைப்புகளோட தாய் அமைப்பான டொமோவினா 1912ல ஹோயர்ஸ்வெர்டாவுல ஆரம்பிச்சது. 1937ல நாஜிகள் அதைத் தடை பண்ணாங்க. சோர்பிய ஆசிரியர்களையும் பாதிரியார்களையும் தூரமா மாத்தினாங்க. கீழ்ச் சோர்பியத்துல கோயில் வழிபாடு நின்னேபோச்சு, 1987லதான் காட்புஸ் பக்கத்துல டிஸன் கிராமத்துல திரும்ப ஆரம்பிச்சது. நடுவுல ரெண்டு தலைமுறை போயிடுச்சு.

இதோட பழுப்பு நிலக்கரியும் சேர்ந்துக்கிச்சு. லவுசிட்ஸ் முழுக்க நிலத்துக்கு அடியில பழுப்பு நிலக்கரி. திறந்தவெளிச் சுரங்கத்துக்காக 1920கள்ல இருந்து 130க்கும் மேற்பட்ட கிராமங்களும் குடியிருப்புகளும் முழுசாவோ பகுதியாவோ அழிஞ்சிருக்கு. சுரங்கம் வந்த ஊருக்கு வேலைக்கு வெளியூர் ஆளுங்களும் வந்தாங்க. ஹோயர்ஸ்வெர்டா சில ஆயிரம் பேர் இருந்த சிறு நகரம். கிழக்கு ஜெர்மனி காலத்துல அடுக்குமாடி கட்டிக் கட்டி 70,000 பேரைத் தாண்டிச்சு. அதுல சோர்பிய மொழி கரைஞ்சுபோச்சு. சுரங்கத்துக்காக இடிக்க இருந்த ஹோர்னோ கிராமத்து வழக்கை இங்க சொல்லியே ஆகணும். பிராண்டன்பர்க் அரசியல் சாசனத்தோட 25ஆவது பிரிவு சோர்பியரோட பாரம்பரிய வாழ்பகுதியைப் பாதுகாக்கணும்னு சொல்லுது. அதை நம்பித்தான் கிராமத்துக்காரங்க நீதிமன்றம் போனாங்க. 1998ல மாநில அரசியல் சாசன நீதிமன்றம் என்ன சொல்லிச்சுன்னா, அந்தப் பிரிவு அரசு பின்பற்ற வேண்டிய ஒரு குறிக்கோள்; வேலைவாய்ப்பு, மின்சாரம் மாதிரி மத்த நலன்களோட எடை போட்டுத்தான் பார்க்கணும், தனி ஒரு கிராமத்துக்கு முழுப் பாதுகாப்பு தராதுன்னு. 2000ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் மனுவை ஏத்துக்கல. ஊரை இடிச்சாங்க, மக்கள் ஃபோர்ஸ்ட் நகரத்துக்குக் குடிபோனாங்க. சாசனத்துல எழுதிவெச்ச ஒரு வரியை மட்டும் நம்பி ஒரு ஊர் இருந்துட முடியாதுன்னு எனக்கு இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் தோணும்.

சரி, அலுவலகத்துல இந்த உரிமை எப்படி வேலை செய்யுது? சாக்ஸனியில வாழ்பகுதிக்குள்ள இருக்கிறவங்க மாநில அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ சோர்பிய மொழியில மனு குடுக்கலாம். ஜெர்மன்ல குடுத்தா என்ன செல்லுமோ அதே மதிப்பு. மொழிபெயர்ப்புச் செலவை மனுதாரர் தலையில கட்டக்கூடாது. பிராண்டன்பர்க்லயும் கீழ்ச் சோர்பியத்துக்கு இதே மாதிரி உரிமை இருக்கு. ஆனா கவுண்டர்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு மொழி தெரியணும்னு கட்டாயம் இல்ல. அவருக்குத் தெரியலன்னா மனு மொழிபெயர்ப்புக்குப் போகும், நாள் இழுக்கும். அந்த மக்களுக்கு ஜெர்மனும் சரளம்ங்கறதால, ஒரு கையெழுத்துக்காக யாரும் காத்திருக்க விரும்பறதில்ல. உரிமை தாள்ல இருக்கு, புழக்கம் குறைவா இருக்கு. புழக்கம் குறைவா இருக்குன்னு மொழி தெரிஞ்ச ஆளை வேலைக்கு எடுக்கறதும் இல்ல. ஒண்ணை ஒண்ணு கீழ இழுக்குது. சமீபத்துல வந்த ஒரு நல்ல மாற்றம்: 2025 மே 1ல இருந்து சோர்பியப் பெண்கள் தங்கள் மரபுப்படி பெண்பால் விகுதியோட குடும்பப் பெயரைப் பதிவு செய்யலாம். அதுக்கு முன்னாடி அப்பா, கணவர் பெயர் எப்படி இருக்கோ அப்படியேதான் ஆவணத்துல வரும்.

உங்களுக்கு நேரா உதவுற விஷயம், முகவரி. காட்புஸோட அதிகாரப்பூர்வப் பெயரே ரெண்டு மொழியிலயும் சேர்ந்துதான். பலகையில பார்த்தீங்கன்னா ஜெர்மன் பெயருக்குக் கீழ 'ஹோஷெபுஸ்'னு இருக்கும். அதுல ஓ எழுத்து மேல ஒரு சாய்ஞ்ச கோடு, எஸ் எழுத்து மேல ஒரு சாய்ஞ்ச கோடு. கோடு அழகுக்கு இல்ல, அது இல்லன்னா உச்சரிப்பே மாறிடும். வீட்டைப் பதிவு செய்யும்போது வர்ற தாள்ல ரெண்டு பெயரும் இருக்கலாம். விசா, பேங்க், இன்ஷூரன்ஸ் படிவத்துல நீங்க ஜெர்மன் பெயரையும் அஞ்சு இலக்க அஞ்சல் எண்ணையும் மட்டும் எழுதுங்க, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி எழுதுங்க. ஒரு படிவத்துல ஒண்ணு, இன்னொண்ணுல ரெண்டுன்னு எழுதினா முகவரி பொருந்தலன்னு திருப்பி அனுப்ப வாய்ப்பிருக்கு. கணினியில கோடு போட்ட எழுத்தும் சில இடத்துல கேள்விக்குறியா மாறிடும். பலகையில சோர்பியப் பெயரை மட்டும் யாரோ கறுப்புச் சாயம் அடிச்சு மறைச்சிருக்கறதையும் சில ஊர்ல பார்க்க நேரலாம். அந்த வெறுப்பு இன்னும் முழுசா போகல.

கடைசியா பொண்ணு விஷயம். சாதாரண மழலையர் பள்ளியில சேர்த்தா ஜெர்மன் மட்டும்தான். சோர்பிய மொழி வேணும்னா 'வித்தாய்'னு ஒரு திட்டம் இருக்கு. 1998ல காட்புஸோட ஸீலோ பகுதியிலதான் முதல் பள்ளி ஆரம்பிச்சாங்க. பிரான்ஸ்ல பிரெத்தான் மொழிக்கு நடக்கிற பள்ளிகளைப் பார்த்து எடுத்துக்கிட்ட முறை. ஒரு ஆசிரியை காலையில வந்ததுல இருந்து சாயங்காலம் வரைக்கும் பிள்ளைகளோட சோர்பிய மொழி மட்டும்தான் பேசுவாங்க. செருப்பு மாட்டறது, கை கழுவறது, சாப்பாட்டு மேஜை, எல்லாம் அந்த மொழியிலதான். மொழிபெயர்த்துச் சொல்ல மாட்டாங்க. செய்கையோட சேர்த்துத்தான் பிள்ளை புரிஞ்சுக்கும். சோர்பியக் குடும்பமா இருக்கணும்னு அவசியம் இல்ல, யார் பிள்ளையும் சேரலாம். மொழி உயிரோட இருக்கறது எதனாலன்னு கேட்டா, நான் ஊர்ப்பலகையை விட இந்தப் பள்ளிகளைத்தான் சொல்வேன்.

எங்க சறுக்குதுன்னும் சொல்லிடுறேன். பிள்ளைங்க நல்லாப் புரிஞ்சுக்கறாங்க, ஆனா பதிலை ஜெர்மன்ல சொல்றாங்க. காரணம், பக்கத்துல விளையாடுற பிள்ளையும் ஜெர்மன்தான் பேசுது. ஆசிரியர் தட்டுப்பாடும் பெருசு. ஜெர்மனியில சோர்பியவியலைப் பட்டப்படிப்பா படிக்க லைப்ஸிக் பல்கலைக்கழகம் ஒண்ணுதான் இருக்கு. மொழி தெரிஞ்ச ஆசிரியை மருத்துவ விடுப்புல போயிட்டா, அன்னிலேர்ந்து அந்தக் குழு ஜெர்மன் குழுவா மாறிடும். சாக்ஸனியில எண்ணிக்கை விதியே ஒரு பள்ளியை மூடியிருக்கு. 2001ல க்ரோஸ்ட்விட்ஸ் சோர்பிய நடுநிலைப் பள்ளியில அஞ்சாம் வகுப்புக்கு 17 பிள்ளைங்க சேர்ந்தாங்க, குறைஞ்சது 20 வேணும்னு சொல்லி வகுப்பை அனுமதிக்கல. பெற்றோர் போராடினாங்க, ஆனாலும் 2003ல பள்ளியை மூடிட்டாங்க.

அதனால சேர்க்கறதுக்கு முன்னாடி பள்ளியில மூணு விஷயம் கேளுங்க. சோர்பிய மொழி நாள் முழுக்கவா, இல்ல வாரத்துல சில பாட்டு, சில மணி நேரமா? ஆசிரியை இல்லாத நாள்ல மாத்து ஆளுக்கு மொழி தெரியுமா? இந்தப் பள்ளி முடிச்சா, அதே மொழியில தொடர்ற ஆரம்பப் பள்ளி பஸ் தூரத்துல இருக்கா? மூணாவது கேள்விக்கு 'இல்ல'ன்னு பதில் வந்தா படிச்சது ரெண்டு வருஷத்துல மறந்துடும். காட்புஸ்ல மேல்படிப்புக்குக் கீழ்ச் சோர்பிய ஜிம்னாசியம் (உயர்நிலைப் பள்ளி) இருக்கு, அங்க எல்லா மாணவர்களுக்கும் அந்த மொழி ஒரு பாடம். வீட்டுல தமிழை மட்டும் விடாதீங்க, அங்க ஜெர்மனைக் கலக்காதீங்க. ஜெர்மன் தெருவுல தானா வந்துடும். உங்க கணவர் அங்க ரெண்டு வருஷம்தான் இருக்கப் போறார்னா சாதாரண ஜெர்மன் பள்ளியே பொண்ணுக்கு எளிது. நாலஞ்சு வருஷத்துக்கு மேலன்னா வித்தாய் குழுவுல தயங்காம சேர்க்கலாம். இடம் சீக்கிரம் நிரம்பிடும், அதனால வீடு உறுதியான உடனே விண்ணப்பத்தைப் போட்டுடுங்க. உங்களுக்கே படிக்க ஆசை வந்தா, காட்புஸ்ல கீழ்ச் சோர்பிய மொழி, பண்பாட்டுப் பள்ளின்னு பெரியவங்களுக்கான பள்ளி இருக்கு. ஆனா பாடம் ஜெர்மன் வழியா நடக்கும், அதனால ஜெர்மன் பி1 முடிச்சுட்டுப் போங்க.