எடையை மாற்றியது யார்?

நேயர்களுக்கு வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை, வரவுக் கணக்கை இணையதளத்தில் பதிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து மல்லிகை கொண்டுவந்த விவசாயிக்குக் காலையில் எட்டுக் கிலோ என்று ஏற்றினார்கள். பணம் வாங்க வரும்போது ஆறு கிலோ என்று இருக்கிறது. கடையில் நாலு பேர்; நாலு பேரும் ‘நான் தொடவில்லை’ என்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியது, அந்தக் கணக்கெல்லாம் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் டேட்டாபேஸ்தான்.

கடைசியாகத் திருத்தியவர் யார், எப்போது என்று ஒவ்வொரு பதிவோடும் சேர்ந்து இருக்க வேண்டும். நேரம் சுலபம். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரு வரி எழுதிவிட்டால் தானாகவே விழும். பெயரில்தான் சிக்கல். தளத்துக்குள் எத்தனை பேர் லாகின் செய்தாலும், தளம் டேட்டாபேஸுக்குள் போவது பெரும்பாலும் ஒரே யூசர் பெயரில்தான். டேட்டாபேஸைக் கேட்டால் அந்த ஒரு பெயரைத்தான் சொல்லும். லாகின் செய்த ஆள் யார் என்று தெரிந்தது, தளத்தை இயக்கும் சர்வர் கணினியில் ஓடும் நிரலுக்குத்தான். அந்த நிரல்தான் திருத்தத்தோடு பெயரையும் எழுத வேண்டும். சிலர் திரையில் வரும் படிவத்திலேயே பெயரை மறைத்துவைத்து அனுப்புகிறார்கள். பிரௌசரில் அதை யாரும் மாற்றி அனுப்பலாம். அதை நம்பவே கூடாது.

அப்புறம், கடைசியாகத் திருத்தியவர் பெயர் மட்டும் இருந்தால் அநியாயமும் நடக்கும். ஒருவர் எடையைக் குறைக்கிறார். பிறகு இன்னொருவர் அதே பதிவில் செல்போன் எண்ணைச் சரிசெய்கிறார். பழி இரண்டாமவர் மேல்! ஆகவே பழைய மதிப்பு, புதிய மதிப்பு, ஆள், நேரம் எல்லாம் தனி அட்டவணையில் வரிவரியாகச் சேர வேண்டும். கடைக்காரர்கள் யாரும் அதை அழிக்க முடியக் கூடாது. கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் இப்படித் திருத்தத் தடம் இருப்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். கம்பெனியாகப் பதியாத சின்னக் கடையை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் விடிய விடியப் பூப் பறித்துக் கொண்டுவருகிறவருக்கும் அந்த நியாயம் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

வேலையை விட்டுப் போனவரின் லாகினை அழிக்காமல் முடக்கி மட்டும் வையுங்கள். இல்லையென்றால் பழைய திருத்தங்கள் யாருடையவை என்று தெரியாமல் போகும்.

இவ்வளவும் செய்துவிட்டு, ஒரே பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினால் எல்லாம் வீண். எந்தப் பதிவைத் திறந்தாலும் ‘அட்மின்’ என்றே நிற்கும். எடை போடுகிறவருக்கு ஒன்று, கல்லாவில் இருப்பவருக்கு ஒன்று என்று ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். நாளைக்குக் கடை திறந்ததும் முதலில் அதைச் செய்யுங்கள். நன்றி, வணக்கம்.