எப்சம் ரயில் சீட்டும் மகளிர் பேருந்துச் சீட்டும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பெண்கள் விட்டுச்சென்ற சின்னச் சின்னப் பொருள்களை ஆவணமாகக் காப்பது பற்றிப் பேசுகிறேன்.

1913 ஜூன் 4, இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தயம். பெண்களின் வாக்குரிமைக்காகப் பலமுறை சிறை சென்ற எமிலி டேவிசன், மன்னரின் குதிரை ஓடிவந்தபோது தடத்தில் இறங்கினார். அடிபட்டவர் நான்கு நாள் கழித்து இறந்துபோனார். அவரிடம் இருந்தவற்றைக் காவல்துறை பட்டியலிட்டது: சில்லறையோடு ஒரு பர்ஸ், இரண்டு கொடிகள், அஞ்சல்தலைகள், கைக்குட்டை, லண்டனின் விக்டோரியா நிலையத்துக்குத் திரும்பிவரும் பாதி ரயில் சீட்டு. அந்தப் பர்ஸும் சீட்டும் இன்று லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் மகளிர் நூலகத்தில் இருக்கின்றன.

"சாக நினைத்தவர் திரும்பிவரச் சீட்டு வாங்குவாரா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. "பந்தய நாள் ரயிலுக்கு விற்றதே போகவர சீட்டுதான்" என்று மறுப்பவர்களும் உண்டு. சீட்டு மட்டும் தனியாக எங்கோ கிடைத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருக்காது. யார் கையில், எந்த நாளில், எதெதோடு இருந்தது என்ற பட்டியல் உடன் இருப்பதால்தான் அட்டைத்துண்டு சான்றாக நிற்கிறது.

அதனால் ஒரு பெண்ணின் கைப்பையோ டிரங்குப் பெட்டியோ ஆவணக்காப்பகத்துக்கு வந்தால், துடைக்கவோ தரம் பிரிக்கவோ அவசரப்படாதீர்கள். திறந்த நிலையிலேயே படம் எடுங்கள். ஒவ்வொன்றையும் வெளியே எடுக்க எடுக்க எண் கொடுங்கள். காகிதமானால் பின்புற ஓரத்தில் 2பி பென்சிலால் எழுதலாம். பேனா மை ஊறிவிடும். துணியானால், எண் எழுதிய பருத்தி நாடாவை இரண்டு தையலில் பிடித்துவைத்தால் போதும்.

துணியிலோ காகிதத்திலோ ராமபாணப் பூச்சி தெரிந்தால் மருந்து அடிக்காதீர்கள். பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த பொருளின் மேல் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

பொருள்களுக்கு அதிகக் கேடு விளைவிப்பது அக்கறைதான். கிழிந்த துண்டறிக்கையை செல்லோடேப்பால் ஒட்டுகிறார்கள். பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்குகிறது. லேமினேஷன் செய்தால் காகிதத்தை மீட்பது மிகக் கடினம். பட்டுக்கொடியை மடித்து வைத்தால் மடிப்பு வழியே நார் நொறுங்கும். அந்தக் காலப் பட்டில் எடை கூட்டத் தகர உப்பு ஏற்றுவது வழக்கம் என்பதால் அது இன்னும் விரைவாக உடையும். அமிலமற்ற தாளை இடையில் விட்டு, அகலமான குழலில் சுருட்டி வையுங்கள். தகர பேட்ஜின் ஊசி துருப்பிடிக்கும். அதைத் துணியிலிருந்து கழற்றித் தனியே வைத்து, எந்த இடத்தில் குத்தியிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். காட்சிக்கு வைக்கும்போது வெளிச்சம் 50 லக்ஸைத் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்ட வேண்டாம்.

1912-இல் வாக்குரிமைக்காகப் போராடி லண்டனின் ஹாலோவே சிறையில் இருந்த பெண்கள் ஒரு கைக்குட்டையில் 66 பெயர்களைப் பூத்தையலிட்டார்கள். ஒருவர் தையல் நெருக்கம், இன்னொருவர் தையல் தளர்வு. துவைத்து இஸ்திரி போட்டிருந்தால் அந்தக் கைகளின் வேறுபாடு மங்கியிருக்கும்.

நம் ஊருக்கு வருவோம். 2021-இல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பெண்கள் வாங்கிக் கசக்கிப் போடும் அந்தச் சீட்டு, எப்சம் சீட்டைப் போலவே ஆவணம். அதை இப்போதே சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். மெஷினில் வெப்பத்தால் அச்சாகும் தாள் என்றால் சில ஆண்டுகளில் எழுத்து மறைந்துவிடும். பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம். வாங்கிய அன்றே ஸ்கேன் செய்யுங்கள். அசலை அமிலமற்ற காகித உறையில் இருட்டில் வையுங்கள். உறைமேல் தேதி, தடம் எண், ஏறிய நிறுத்தம், இறங்கிய நிறுத்தம், எந்த வேலைக்காகப் போனார் என்பதையும் பென்சிலால் எழுதிவிடுங்கள்.