கஞ்சாவுக்கு அனுமதி எண்டா ஆருக்கு அனுமதி?

அடுத்தது திருக்கோவில்ல இருந்து ஒரு தம்பி குரல் பதிவு அனுப்பியிருக்கார். கொஞ்சம் நீளம், நான் சுருக்கிச் சொல்றன். "சேர், கனடாவுல கடையில வச்சு விக்கிறாங்க. தாய்லாந்துலயும் விட்டாங்க. நம்மட அரசாங்கமே வெளிநாட்டுக்காரனுக்கு வளர்க்க அனுமதி குடுக்குது. அப்ப நம்மட ஆள் சேனையில நாலு செடி வச்சா மட்டும் ஏன் பிடிக்கிறாங்க? கஞ்சாவ விட்டா கசிப்பும் ஐஸும் குறையும்தானே?" இதுதான் கேள்வி. (சேனை எண்டா காடு வெட்டிப் பயிர் செய்யிற காணி, கசிப்பு எண்டா களவாக் காய்ச்சுற சாராயம், ஐஸ் எண்டா மெதம்பெட்டமைன் எண்ட போதைப்பொருள்.)

நல்ல கேள்வி தம்பி. ஆனா நாலஞ்சு சாமான ஒரே சாக்குக்குள்ள போட்டுக் கட்டிக் கொண்டு வந்திருக்கீங்க. அவிழ்த்துப் பாப்பம்.

"சட்டமாக்குறது" எண்ட சொல்லாலதான் பாதிக் குழப்பம் வருது. பாவிச்சவன மறியலுக்கு, அதாவது சிறைக்கு, அனுப்பாம விடுறது ஒண்டு. டாக்குத்தர் எழுதிக் குடுத்தா மருந்தா எடுக்கலாம் எண்டுறது வேற. கடை திறந்து, வரி போட்டு, பியர் விக்கிற மாதிரி விக்கிறது இன்னொரு கதை. நம்மட இலங்கையில இப்ப பேசப்படுறது இந்த மூண்டும் இல்ல. வளர்த்துக் கப்பல்ல ஏத்துறது, அவ்வளவுதான். இஞ்ச இருக்கிற ஒருத்தனுக்கும் அதுல ஒரு இலை கிடையாது.

இந்தத் தடை எப்ப வந்தது எண்டு பாத்தா, அதுவும் ஒரு அரசியல்தான். 1893-94ல வெள்ளைக்காரன் இந்தியாவுல ஒரு ஆணைக்குழு போட்டான். கஞ்சா, பாங்கு எண்டுற அதின்ற இலை, சரஸ் எண்டுற அதின்ற பிசின் எல்லாத்தையும் விசாரிச்சு, அளவாப் பாவிச்சாப் பெரிய கெடுதி இல்ல, முழுசாத் தடுக்கத் தேவையில்ல எண்டுதான் எழுதினாங்க. மறுகா 1925ல ஜெனீவாவுல அபின் பற்றி ஒரு சர்வதேச ஒப்பந்தம் வந்தது, அதுக்குள்ள கஞ்சாவயும் சேர்த்தாங்க. நம்மட நச்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929. இண்டைக்கும் பிடிக்கிறது அந்தச் சட்டத்துலதான், திருத்தங்களோட. 1984ல ஒரு பெரிய திருத்தம் வந்து ஹெரோயின், கொக்கெயின், மோர்பின், அபின் நாலுக்கும் மரண தண்டனை, இல்லாட்டி ஆயுள் எண்டு வச்சாங்க. 2022ல 5 கிராமும் அதுக்கு மேலயும் ஐஸ் வச்சிருந்தாலும் அந்தத் தண்டனை எண்டு சேர்த்தாங்க. கஞ்சா அந்தப் பட்டியல்ல இல்ல. அதுக்காகக் குற்றம் இல்ல எண்டு நினைக்கப் படாது. வளர்க்கிறது, வச்சிருக்கிறது, விக்கிறது எல்லாமே குற்றம்.

அதே நேரம் ஆயுர்வேத வைத்தியத்துக்கு மட்டும் ஒரு கதவு திறந்து கிடக்கு. 1961ம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின்படி, பதிவு செய்த வைத்தியர்மாருக்கு மருந்துக்கு எடுக்க வழி இருக்கு. ஆனா செடி வளர்க்க ஏலாது. அப்ப மருந்துக்குச் சரக்கு எங்க இருந்து வாறது? வழக்குல பிடிபட்ட கஞ்சாதான் போகும்! வழக்கு முடியிறதுக்குள்ள அது வைக்கோலாப் போயிரும். (சிரிக்கிறார்.) இந்தக் கதவுக்குள்ளாலதான் மதன மோதகம் எண்டு உருண்டையும் வெளிய வந்து, பள்ளிக்கூடத்துப் புள்ளைகள்ற கைக்கும் போனது. அது வேற வயித்தெரிச்சல்.

இப்ப அரசியலுக்கு வருவம். 2017ல அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன, இங்கிரியவில 100 ஏக்கர்ல வளர்த்து ஏத்துமதி செய்யலாம் எண்டார். 2022 கடைசியில, டொலர் இல்லாம நாடே பெற்றோலுக்கு வரிசையில நிண்ட வருசம், அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க வரவு செலவுத் திட்டத்துல ஏத்துமதிக்கு வளர்க்கிறது பற்றி ஆராயக் குழு போடுறம் எண்டார். அப்போதைய இராஜாங்க அமைச்சர் டயானா கமகே நாடாளுமன்றத்துல இதையேதான் பேசிட்டிருந்தா. 2025ல அனுர குமார திசாநாயக்கவின்ற அரசாங்கம் மீரிகமவில 64 ஏக்கர், 7 வெளிநாட்டு முதலீட்டாளர் எண்டு அறிவிச்சது. அரசாங்கம் மூண்டு, கதை ஒண்டு. கஜானா காலியானா கஞ்சா ஞாபகத்துக்கு வருது. மருந்து தேவைப்படுற நோயாளிய ஆரும் நினைக்கல்ல, மறியல்ல கிடக்கிறவன ஆரும் நினைக்கல்ல.

தம்பி, உங்கட கேள்வியில என்னைக் கொழுவி இழுத்தது இந்த இடம்தான். மில்லியன் கணக்கில டொலர் போடக் கூடியவனுக்கு வேலி அடிச்சுக் காவல் போட்டுக் குடுக்கிறம். இஞ்சால லாகுகல, சியம்பலாண்டுவப் பக்கம் காட்டுக்குள்ள அதிரடிப்படை போய் தோட்டம் பிடிச்சா, ஆர் அம்பிடுறான்? தண்ணி ஊத்தினவன், காவலுக்கு நிண்டவன், நாட்கூலி. காசு போட்ட முதலாளி நெல்லு மண்டியில இருப்பான், இல்லாட்டி கொழும்புல இருப்பான். வழக்கு எண்டு வந்தா நாட்கூலிக்காரன்ற பேர்தான் எழுதுவாங்க.

நான் வழக்குக் கதைக்கப் போற காலத்துல நடந்த ஒண்டு சொல்றன், ஊர் பேர் வேணாம். பத்தொன்பது வயசுப் பொடியன், சட்டைப் பையில ரெண்டு சுருள். குற்றத்த ஏத்துக்கிட்டான், தண்டப்பணம் கட்டினான். உம்மா காதுல கிடந்தத வச்சுத்தான் கட்டினா. சரி, முடிஞ்சுது எண்டு நினைச்சம். ரெண்டு வருசம் கழிச்சுக் கட்டாருக்குப் போக எல்லாம் சரி வந்து, பொலிஸ் நற்சான்றிதழ் எடுக்கப் போனா, அதுல அந்த வழக்கு நிக்குது. வேலை போச்சு. ஏஜென்சிக்குக் கட்டின காசும் போச்சு. அந்த ரெண்டு சுருள் அவனுக்குச் செய்த கெடுதிய விட, அந்த ஒரு வரி செய்த கெடுதி கூட. அவனுக்காவது கட்ட உம்மாட காதுல நகை இருந்தது. தண்டம் கட்ட வழியில்லாம மறியலுக்குப் போறவன் எத்தினை பேர்! உள்ளுக்க போனா ஐஸ் விக்கிறவனோட ஒரே பாய்.

அமெரிக்காவுலயும் இந்தக் கதைதான் ஓடினது. கறுப்பின ஆக்களும் வெள்ளைக்காரரும் ஏறக்குறைய ஒரே அளவுலதான் பாவிக்கிறாங்க. ஆனா வச்சிருந்ததுக்குக் கைதானதுல கறுப்பின ஆள் மூண்டரை மடங்குக்கு மேல எண்டு 2013ல ஒரு கணக்கு வந்தது. அங்க சட்டத்த மாத்தின மாநிலங்கள்ல இந்த நியாயமும் சேர்ந்துதான் சனத்த வாக்குப் போட வச்சது. வரிக் காசு மட்டும் இல்ல.

சரி, தாய்லாந்து. அதப் பாத்து நாமளும் செய்வம் எண்டு சொல்றவங்க கதையின்ற மிச்சத்தயும் பாக்கணும். 2022 ஜூன்ல போதைப் பட்டியல்ல இருந்து எடுத்தாங்க. எடுத்தாங்களே தவிர, ஆர் விக்கலாம், எப்பிடி விக்கலாம் எண்டு ஒழுங்கான சட்டம் வரல்ல. ஆயிரக்கணக்கில கடை முளைச்சுது. செய்தவர் அப்போதைய சுகாதார அமைச்சர் அனுடின், அது அவர்ர கட்சியின்ற தேர்தல் வாக்குறுதி. 2025 ஜூன்ல அந்தக் கட்சி அரசாங்கத்த விட்டு வெளிய போச்சு. அதே மாசம் டாக்குத்தர் சீட்டு இல்லாம விக்கப் படாது எண்டு திருப்பிப் பூட்டினாங்க. ரெண்டு மூண்டு மாசத்துல அனுடினே பிரதமர்! பாத்தீங்களா, அங்க செடி வளர்ந்ததும் வாடினதும் கூட்டணிக் கணக்குலதான்.

கனடா வேற மாதிரி. 2018 ஒக்டோபர் 17ல திறந்தாங்க, பொதி, வயசு, விளம்பரம் எல்லாத்துக்கும் கட்டுப்பாடு. பள்ளிக்கூட வயசுப் பொடியன்கள்ற பாவனை, பயந்த அளவுக்கு ஏறல்ல. அத ஒப்புக்கொள்ளணும். ஆனா கஞ்சா கலந்த மிட்டாய், பிஸ்கட்டச் சின்னப் புள்ளைகள் எடுத்துத் திண்டு ஆஸ்பத்திரிக்கு வாறது கூடினது. கள்ளச் சந்தை குறைஞ்சது, அழியல்ல. கலிபோர்னியாவுல வரிய ஏத்தி வச்சதால கள்ளச் சரக்கு இன்னும் நல்லா ஓடுது. நமக்கு இது தெரியாத விசயமா? சாராயத்துக்கு வரி ஏற ஏற, படுவான்கரையில கசிப்புக் காய்ச்சுற பீப்பாய் கூடுதே.

உடம்புக்கு என்ன செய்யும்? "ஐயா, இலைதானே, சிவபெருமானே குடிச்சவர்தானே" எண்டு கேக்கிற ஆக்கள் இருக்காங்க. அமெரிக்காவுல பிடிபட்ட கஞ்சாவ அளந்து பாத்ததுல, போதை தாற ரீஎச்சீ (THC) எண்ட பொருள் 1995ல 4 சதவீதம் மட்டுல, 2014ல 12 சதவீதம் மட்டுல. அப்ப அப்புச்சி இழுத்ததும் இப்ப பொடியன் இழுக்கிறதும் ஒரே சாமான் இல்ல. இளம் வயசுல தொடங்கினா மூளை முதிர்றதுக்குள்ள பழக்கம் பிடிக்கும். பலம் கூடினத தினம் இழுக்கிறவங்களுக்கு மனம் குழம்புற நோய் வாற வாய்ப்பு, இழுக்காதவங்கள விட அஞ்சு மடங்கு மட்டுல எண்டு 2019ல ஐரோப்பாவுல செய்த பெரிய ஆய்வு ஒண்டு காட்டினது. இழுக்கிற எல்லாருக்கும் வரும் எண்டு இல்ல. ஆனா யுத்தம், சுனாமி ரெண்டயும் பாத்த ஊர் இது. ஏற்கனவே நித்திரை இல்லாம இருக்கிற வீடுகள் எத்தினை! மருந்தாவும் பயன் இருக்கு, மறுக்கல்ல. கடுமையான வலிப்பு வாற சில புள்ளைகளுக்குச் செடியில இருந்து எடுத்த மருந்த 2018ல அமெரிக்கா அங்கீகரிச்சது. அதுல இருக்கிறது போதை தராத பகுதி.

ஐஸ் குறையுமா எண்டு கேட்டீங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. கஞ்சா மந்தமாக்கும், ஐஸ் ரெண்டு மூண்டு நாள் நித்திரை இல்லாம ஓட வைக்கும். தேடிப் போறவன் தேடுற சாமான் வேற. ஐஸ் சின்னப் பொட்டலத்துல வாறது, மணக்காது, லாபம் கூட. கஞ்சாக் கடை திறந்தாலும் அந்த வியாபாரி கடையப் பூட்டப் போறதில்ல.

என்ர அபிப்பிராயம் கேட்டா, கடை திறக்கிறதுக்கு நான் எதிர். மதுவரிய ஒழுங்காப் பாக்க ஏலாத நாட்டுல இன்னொரு கடை வேணாம். ஆனா சின்ன அளவோட பிடிபட்ட பொடியன நீதிமன்றத்துக்கு இழுக்காம ஆலோசனைக்கு அனுப்புற மாதிரி சட்டம் மாறணும், நற்சான்றிதழ்ல நிக்கிற அந்த வழக்குப் பதிவு அழியணும். ஏத்துமதிக்கு அனுமதி எண்டா, மொனராகலை, அம்பாறைச் சேனைக்காரனும் கூட்டுறவா விண்ணப்பிக்க வழி வைக்கணும். இத மீரிகமவுக்குப் போய்க் கதைக்க இஞ்ச இருந்து ஒரு எம்பியும் வாய் திறந்ததா நான் காணல்ல.

அது மாறும் வரைக்கும் தம்பி, நாலு செடி எண்டாலும் பிடிப்பாங்க. அறுகம்பையில வெள்ளைக்காரன் இழுக்கிறான், நாமளும் இழுத்தா என்ன எண்டு நினைக்க வேணாம். அவனுக்கும் சட்டம் அதுதான், ஆனா அவன் பிளேன் ஏறிப் போயிருவான்.

அடுத்த கேள்வி ஏறாவூர்ல இருந்து ஒரு சகோதரி, காணி பெர்மிட் புள்ளைக்கு மாத்துறது பற்றிக் கேட்டிருக்கா.